பாய்லர் சத்தம்

காது கூர்மையாக இருப்பவர்களுக்கு நிம்மதி கொஞ்சம் குறைவுதான். பக்கத்து வீட்டில் குழாய் சொட்டினால் ஜெசிந்தாவுக்குத் தூக்கம் போய்விடும். பஸ்ஸில் நாலு சீட் தள்ளி உட்கார்ந்திருப்பவர் போனில் மனைவியிடம் பொய் சொல்கிறார் என்பது அவருடைய மூச்சிலேயே தெரிந்துவிடும். டப்பிங் ஸ்டுடியோவில் பல வருடம் ஒலி உதவியாளராக இருந்தவள். நடிகைக்குச் சளி பிடித்திருக்கிறதா, அழுதுவிட்டு வந்திருக்கிறாளா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவாள். பிறகு குரல்களை இயந்திரங்களே தயாரிக்கத் தொடங்கின, ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாகக் கதவைச் சாத்தின. இந்தக் காதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று அவள் திண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் பெருங்குடியில் இருந்த அந்தக் கம்பெனி கூப்பிட்டது.

வேலை சுலபம். பழைய ஒலிநாடாக்களைக் கேட்க வேண்டும், இரைச்சலை நீக்க வேண்டும், எந்த இடத்தில் என்ன சத்தம் என்று குறிக்க வேண்டும். நாடாக்கள் டெட்ராய்ட்டிலிருந்து வந்தவை. அமெரிக்காவின் கார் நகரம். அங்கே ஆலைகளில் கறுப்பினத் தொழிலாளர்களுக்கென்றே ஒதுக்கிவைத்த வேலைகள் இருந்தன. உலைக்குப் பக்கத்தில், புகைக்கு நடுவில், கையும் காலும் போகக்கூடிய இடங்களில். அவர்கள் குறையைத் தொழிற்சங்கத் தலைவர்களும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனவே அறுபதுகளின் கடைசியில் ஓர் ஆலையின் தொழிலாளர்கள் தாங்களே ஒரு சர்ச்சின் நிலவறையில் கூடிப் பேசினார்கள். பேசியதையெல்லாம் பதிவும் செய்தார்கள். நாளைக்கு நம் பிள்ளைகள் கேட்கட்டும் என்று ஒருவர் முதல் நாடாவிலேயே சொல்கிறார். பிள்ளைகள் கேட்டார்களோ இல்லையோ, பல்லாவரத்தில் குடியிருந்த ஜெசிந்தா கேட்டாள்.

முதலில் அவர்களுடைய ஆங்கிலம் ஒன்றும் பிடிபடவில்லை. போகப் போக ஆட்களே பழகிவிட்டார்கள். ரூஃபஸ் என்று ஒருவர், தான் சொல்லப்போகும் நகைச்சுவைக்குத் தானே முன்கூட்டிச் சிரித்துவிடுவார். இன்னொருவர் இரும்பை உருக்கி ஊற்றும் வார்ப்படப் பிரிவு. அவர் இருமுவதைக் கேட்டே அந்த வாரம் அவருக்கு எந்த ஷிஃப்ட் என்று ஜெசிந்தா சொல்லிவிடுவாள். அவர்களை அவளுக்குப் பிடித்துப்போனது. வீட்டில் சமைக்கும்போது, அந்த ஆள் மருந்து சாப்பிட்டாரோ என்னவோ என்று கூட நினைத்துக்கொள்வாள். அவர் இறந்து எத்தனையோ வருடம் ஆகியிருக்கும்.

சிரிப்பு, கோபம், பயம், கைதட்டல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி இருந்தது. தொல்லை கொடுத்தது ஒரே ஒரு சத்தம். ஏறக்குறைய எல்லா நாடாவிலும் நடுநடுவே தாழ்வாக ஒரு 'ம்ம்ம்' வரும், கொஞ்ச நேரம் நிற்கும், அடங்கிவிடும். அது வந்தால் பேச்சு அமுங்கிப்போகும். குளிர் ஊர், நிலவறை, கட்டடத்தைச் சூடாக்க அங்கே ஒரு பாய்லர் இருக்கும் என்று ஜெசிந்தா முடிவு கட்டினாள். 'பாய்லர் – விலக்கு' என்று ஒரு குறியை உண்டாக்கினாள். இரண்டு மூன்று நாடாக்களுக்குப் பிறகு அந்தச் சத்தம் எழும் முன்பே அவளுடைய விரல் பொத்தானுக்குப் போய்விடும். அவள் சுத்தம் செய்து அனுப்பிய நாடாக்களைக் கேட்டால் நேற்றுப் பதிவு செய்ததுபோல இருக்கும். அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

கம்பெனியின் முதலாளி நிரஞ்சன். அவளைவிட இளையவர், ஒரு இடத்தில் உட்காரமாட்டார். ஒருநாள் அவரிடம் அவள் தானாகவே போய்ச் சொன்னாள்.

"சார், ஒண்ணு கவனிச்சேன். இவங்க ஸ்ட்ரைக் பண்றதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி பேச்சு மாறுது."

"என்ன பேசுறாங்க?"

"என்ன பேசுறாங்கங்கிறது இல்ல சார், எப்படிப் பேசுறாங்கங்கிறது. சாதாரணமா ஒருத்தர் பேசினா இன்னொருத்தர் குறுக்க விழுவாங்க, மூணாவது ஆள் கத்துவாரு. அது நின்னுடுது. ஒருத்தர் முடிச்சதும் எல்லாரும் ஒரு மூச்சு காத்திருக்காங்க, அப்புறம்தான் அடுத்த ஆள். எல்லார் மூச்சும் ஒரே மாதிரி ஏறி இறங்குது. வார்த்தையே வேணாம் சார். மூச்சைக் கேட்டாலே போதும், இவங்க சீக்கிரம் வேலையை நிறுத்திட்டு வெளிய நடக்கப் போறாங்கன்னு சொல்லிடலாம்."

நிரஞ்சன் எழுந்துவிட்டார். "எந்த மொழியா இருந்தாலும்?"

"மூச்சுக்கு என்ன சார் மொழி."

அவர் சுவரில் இருந்த எழுதுபலகைப் பக்கம் ஓடினார். ஒரு அழகான விஷயத்தைச் சொல்லிவிட்ட திருப்தியில் ஜெசிந்தா காபி குடிக்கப் போனாள்.

அடுத்த சில மாதங்களில் கம்பெனி ஒரு புதுப் பொருளை விற்கத் தொடங்கியது. விளம்பரத்தில் அதன் பெயர் 'இணக்கம்'. ஆலையில் வேலை செய்பவர்களின் மனநிலையை அறிந்து முதலாளி-தொழிலாளி உறவை வளர்க்கும் கருவி என்று போட்டிருந்தார்கள். அலுவலகத்தில் எல்லோரும் அதைக் 'காது' என்றுதான் சொன்னார்கள். கூரையில் பொருத்தினால் கீழே இருப்பவர்களின் மூச்சைப் பிரித்துப் பிரித்துக் கேட்கும். அதற்குப் பாடம் டெட்ராய்ட் நாடாக்கள், பாடம் சொல்லிக்கொடுத்தவை ஜெசிந்தாவின் குறிகள். நாடாக்களை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்ததாம். ஜெசிந்தாவுக்கு மனதில் ஏதோ உறுத்தியது. உறுத்தலைத் தள்ளிவைக்க எல்லோருக்கும் ஒரு வழி இருக்கும். அவளுக்கு அடுத்த நாடா இருந்தது.

*

தங்கை புனிதா ஒரகடத்தில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் ஆலையில் இருந்தாள். ஹாஸ்டல் வாசம். ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் மத்தி மீன் குழம்பு. அந்த ஞாயிறு அவள் ஆள்காட்டி விரலில் பெரிய கட்டோடு வந்தாள்.

"என்னடி இது?"

"ஊசி ஏறிடுச்சு. நகத்துல இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்துடுச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரிப்பு ஒரு தினுசு. கடைசியில் விக்கல்போல ஒரு மூச்சை உள்ளே இழுத்து முடிப்பாள். "ஊசிக்கு முன்னாடி ஒரு கம்பித் தடுப்பு இருக்கும்க்கா, விரல் உள்ள போகாம. அதைக் கழட்டிட்டாங்க. அது இருந்தா துணியத் திருப்ப நேரமாகுதாம். எனக்குப் பரவால்ல, காஞ்சனாவுக்கு எலும்பிலயே இறங்கிடுச்சு."

"எழுதிக் குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தோமே. 'கவனமாகத் தைக்கவும்'னு ஒரு போர்டு எழுதி மாட்டிட்டாங்க." மறுபடி சிரிப்பு. பிறகு குழம்பை ஊற்றிக்கொண்டே குரலைத் தாழ்த்தினாள். "அம்சவேணி அக்கா எல்லார்கிட்டயும் பேசிட்டிருக்கு. தடுப்பை மாட்டுற வரைக்கும் மிஷின்ல உக்கார வேணாம்னு. இன்னும் முடிவாகல."

ஜெசிந்தா கரண்டியால் ஒரு மீன் துண்டை அவள் தட்டில் வைத்தாள். புனிதா தொடர்ந்தாள். "எங்களுக்கு ஒண்ணும் செய்யலன்னும் சொல்ல முடியாது. கூரையில புதுசா என்னமோ மாட்டிருக்காங்க. கேன்டீன்ல, பஸ்லகூட. புகை வந்தா கத்துமாம்."

"எப்படி இருக்கும்?"

"வட்டமா, வெள்ளையா. இட்லித் தட்டு மாதிரி பொடிப்பொடியா ஓட்டை."

ஜெசிந்தா கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. அந்த இட்லித் தட்டு பல நாள் அவள் மேஜையில் கிடந்தது. அதன் மேல் டீ டம்ளரைக்கூட வைத்திருக்கிறாள்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குழம்பு ஆறிப்போயிற்று என்று எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்கடுத்த வாரம் புனிதா போன் செய்தாள். குரலில் சிரிப்பே இல்லை. அம்சவேணியை ஓசூர் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகும் பெண்ணை வைத்துக்கொண்டு அவள் எப்படி ஓசூர் போவாள், வேலையை விட்டுவிட்டாள். "நாங்க பேசினது யாருக்குமே தெரியாதுக்கா. உள்ள யாரோதான் போய்ச் சொல்லிருக்கணும். காஞ்சனாவைத்தான் எல்லாரும் சொல்றாங்க, அவ அடிக்கடி ஆபீஸ் பக்கம் போனா. இப்ப அவகூட யாரும் உக்காந்து சாப்பிடுறதில்ல. கேன்டீன்ல யாரும் வாயே திறக்கிறதில்ல."

வாயைத் திறக்காமல் இருந்தாலும் காது விடாது என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். டெட்ராய்ட்டிலும் வெளிநடப்புக்கு முன் ஒரு மௌனம் வந்தது. அதையும் அவள்தான் குறித்துக் கொடுத்திருந்தாள்.

*

திங்கட்கிழமை காலை டெட்ராய்ட்டிலிருந்து வீடியோ அழைப்பு. நாடாக்களை அனுப்பிய காப்பகத்தில் வேலை செய்யும் டெரன்ஸ். அறுபதை நெருங்கும் வயது, மெல்லப் பேசும் மனிதர். அங்கே சாயங்காலம். அவருக்குப் பின்னால் காலி நாற்காலிகள் தெரிந்தன.

"நாடாக்கள் ரொம்ப சுத்தமா இருக்கு, நன்றி" என்றார். "ஒரே ஒரு கேள்வி. பெண்கள் எங்கே?"

ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. "பெண்கள் யாரும் பேசலையே சார். ஒண்ணு ரெண்டு இடத்துல சிரிக்கிறாங்க, அவ்வளவுதான்."

"பேசமாட்டாங்க. ஹம்மிங் பண்ணுவாங்க. வாயை மூடிக்கிட்டு ராகம் இழுப்பாங்க. அது எங்கேயுமே இல்லையே?"

பாய்லர் என்று சொல்ல ஜெசிந்தாவுக்கு நாக்கு எழவில்லை.

டெரன்ஸ் கோபப்படாமல் சொல்லிக்கொண்டு போனார். கோபப்பட்டிருந்தால் தேவலை. அந்த நிலவறையில் யாரோ ஒரு ஒட்டுக்கேட்கும் மைக்கை ஒளித்து வைத்திருந்தார்கள். பாட்டு எண் எழுதும் பலகைக்குப் பின்னால் அதன் கம்பியைத் தொழிலாளர்கள் பார்த்துவிட்டார்கள். ஆனால் பிடுங்கவில்லை. பிடுங்கினால் வேறு இடத்தில் வேறொன்று வரும், அது எங்கே என்று தெரியாது. அதனால் ஒரு ஏற்பாடு. யாருடைய பெயரையாவது, ஒரு தேதியையாவது சொல்ல வேண்டிய நேரம் வந்தால், பின்வரிசையில் இருக்கும் பெண்கள் ஹம்மிங்கைத் தொடங்குவார்கள். பெயர் அதற்குள் மறைந்துபோகும்.

"யாருக்கும் சந்தேகம் வராதா?" என்றாள் ஜெசிந்தா.

"எங்க சர்ச்சுல ஒருத்தர் ஜெபம் பண்ணும்போது மத்தவங்க கீழ் ஸ்தாயில ஹம்மிங் பண்றது வழக்கம். ஒட்டுக்கேட்கிற ஆள் 'ஜெபம் நடக்குது'ன்னு எழுதிக்கிட்டுப் போயிடுவான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தொடங்கிவைக்கிறது எப்பவும் எங்க அம்மாதான். பேரு ஒடெல்லா. அந்த ஆலையில சீட் தைக்கிற பிரிவுல இருந்தாங்க. எனக்கு நினைவு தெரியறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. அவங்க பேசி ஒரு பதிவும் கிடையாது. அவங்க குரல்னு இந்த உலகத்துல இருக்கிறது அந்த ஹம்மிங் ஒண்ணுதான் மிஸ் ஜெசிந்தா. அதைத்தான் நீங்க சுத்தம் பண்ணிட்டீங்க."

"மூலப் பதிவு பத்திரமா இருக்கு சார். திரும்பக் கொண்டுவந்துடறேன்" என்று மட்டும்தான் அவளால் சொல்ல முடிந்தது. அதைச் சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அழைப்பு முடிந்ததும் மூலப் பதிவை எடுத்துக் காதில் மாட்டினாள். பாய்லர் வரும் இடம். இந்த முறை விரலைப் பொத்தானிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். ரூஃபஸ் ஏதோ சொல்ல வாயெடுக்கிறார். அதற்கு ஒரு கணம் முன்னால், பின்வரிசையில் ஒரு பெண் மூச்சை இழுக்கிறாள். பிறகு ம்ம்ம். ஒரு படி ஏறி, மூன்று படி இறங்கும் ராகம். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள்.

பாய்லர் மூச்சு இழுக்காது. டப்பிங் ஸ்டுடியோவில் மூச்சை வைத்தே பெயர் வாங்கியவள் அந்த ஒரு மூச்சைக் கோட்டைவிட்டிருந்தாள். அத்தனை பெண்களையும் தூக்கி பாய்லர் என்று எழுதிவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது.

வெட்கத்துக்குப் பின்னால் இன்னொரு யோசனை வந்தது. அவள் தப்பாகப் படித்ததைத்தான் காதும் படித்திருக்கிறது. இப்படி ஒரு சத்தம் வந்தால் அதற்கு அது பாய்லர். விலக்கிவிடும், அந்தச் சத்தத்துக்குள் இருக்கும் மூச்சையும் சேர்த்து. தவறு என்று தெரிந்தால் திருத்த வேண்டியது அவளுடைய வேலை. திருத்தப் பக்கத்தைத் திறந்தாள்.

அப்போதுதான் நிரஞ்சன் ஒரு டேப்லட்டோடு வந்து பக்கத்தில் நின்றார். "ஒரகடம் ரிப்போர்ட் பாருங்க. பிரமாதம். முதல் மையத்தை ஓசூருக்கு மாத்தினதும் புதுசா ஒரு மையம் உருவாயிருக்கு. மூணு குரல்." திரையில் சிவப்பாக ஒரு வட்டம் துடித்தது. அவர் அதைத் தொட்டார். கேன்டீன் சத்தம், தட்டுச் சத்தம், நடுவே ஒரு சிரிப்பு, அதன் முடிவில் விக்கல்போல ஒரு மூச்சு.

ஜெசிந்தா மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"வியாழக்கிழமை ஆலையிலேயே நேரடிச் சோதனை" என்றார் நிரஞ்சன். "ஹெச்.ஆர். மேடம் இருப்பாங்க. அதுலயும் இதே மையம் வந்தா உறுதி. கேட்ல குரல் வச்சுத்தானே வருகைப் பதிவு, ஒப்பிட்டுப் பேரை எடுத்துக்குவாங்க."

"எடுத்து?"

"அது அவங்க பாடு. நாம வெறும் காதுதானே." அவர் திரும்பிப் போகும்போது நின்றார். "குறிகள்ல ஏதாவது திருத்தம் இருந்தா அதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க ஜெசிந்தா. அங்க போய்ச் சொதப்பினா மானம் போயிடும்."

"பார்த்துச் சொல்றேன் சார்" என்றாள்.

*

மறுநாள் மாலை ஒரகடம் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்து டீக்கடை. லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. இந்த இரைச்சலில் எந்தக் காதும் கேட்காது என்று ஜெசிந்தா வேண்டுமென்றே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். இட்லித் தட்டு, மூச்சு, தான் பெருமையாகப் போய்ச் சொன்னது, வியாழக்கிழமை.

புனிதா டீயைத் தொடவில்லை.

"அப்ப அம்சவேணி அக்காவைக் காட்டிக்குடுத்தது காஞ்சனா இல்ல."

"இல்லடி."

"விரல்ல எலும்பிலயே ஊசி இறங்கினவ அவ. அவகூட நாங்க யாரும் பேசுறதில்ல. தனியா ஒரு மூலையில உக்காந்து அழுதுகிட்டே சாப்பிடுறா. அது நீயாக்கா?"

ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்கயோ நம்மளை மாதிரி அடிபட்டவங்க, கஷ்டப்பட்டுப் போராடிருக்காங்க. செத்தும் போயிட்டாங்க. அவங்க குரலைக் கேட்டுக் கத்துக்கிட்டு எங்களைப் பிடிச்சுக் குடுக்குதா உன் மிஷினு? அவங்களுக்கு இது தெரிஞ்சா எப்படி இருக்கும்?"

"பேசாம இரு புனி. மூணு நாளைக்கு அந்தப் பக்கமே..."

"பேசாம இருந்தாலும் கண்டுபிடிக்கும்னு இப்பதான் சொன்னே. மூச்சு விடாம இருக்கணுமா?" டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். புனிதா குரலை அடக்கினாள். கண்ணில் நீர் நின்றது. "தடுப்பை மாட்டுங்கன்னு கேக்கிறோம். ஒரு கம்பி. அதுக்கா இவ்வளவு?"

ஜெசிந்தா பையிலிருந்து ஹெட்ஃபோனை எடுத்துத் தங்கையின் காதில் மாட்டினாள். புனிதா தட்டிவிடப் போனவள், என்ன நினைத்தாளோ, விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள்.

"என்ன இது? யாரோ பாடுறாங்க."

"பாட்டுன்னு உனக்குக் கேட்டவுடனே தெரிஞ்சிடுச்சு. நான் பாய்லர்னு நினைச்சேன்." ஒளித்து வைத்த மைக், பின்வரிசைப் பெண்கள், ஒடெல்லா என்று எல்லாவற்றையும் சொன்னாள். சீட் தைக்கிற பிரிவு என்றதும் புனிதா நிமிர்ந்தாள்.

"உன் மிஷினுக்கு இது மனுஷங்கன்னு தெரியுமா?"

"தெரியாது. அதுக்கும் இது பாய்லர்தான். நான்தான் திருத்தணும்."

"திருத்திட்டியா?"

"இன்னும் இல்ல."

புனிதா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி போனது, இன்னொன்று போனது. பிறகு ஹெட்ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டாள்.

"இன்னொரு தரம் போடு" என்றாள்.

*

வியாழக்கிழமை. தையல் கூடத்துக்கு மேலே கண்ணாடி அறை. கீழே வரிசை வரிசையாகப் பெண்கள், நீல உடுப்பு, பஞ்சுத் தூசுக்காக எல்லோர் முகத்திலும் மாஸ்க். இயந்திரங்களின் கடகடப்பு கண்ணாடியைத் தாண்டி மங்கலாகத்தான் கேட்டது. ஹெச்.ஆர். அதிகாரி சுபத்ரா முந்திரி பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெசிந்தா வழக்கம்போல ஹெட்ஃபோனை மாட்டி, கூரையிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டபடி பதிவு செய்யத் தொடங்கினாள்.

திரையில் கீழே இருந்தவர்கள் புள்ளிகளாகத் தெரிந்தார்கள். மூன்றாவது வரிசைப் பக்கம் சிவப்பு மெல்லத் திரளத் தொடங்கியது. "பாருங்க மேடம்" என்று நிரஞ்சன் நாற்காலியை முன்னால் இழுத்தார். திருத்தப் பக்கம் இன்னும் திறந்த நிலையிலேயே கிடந்தது. இப்போது சொன்னாலும் அரை மணி நேரத்தில் காது திருத்தமாகிவிடும். வேலை நிலைக்கும், பெயர் நிலைக்கும்.

ஹெட்ஃபோனில் ஒரு பெண் மூச்சை இழுத்தாள்.

ம்ம்ம். ஒரு படி ஏறி, மூன்று படி இறங்கியது. அடுத்த வரிசையில் ஒருத்தி சேர்ந்தாள். பிறகு அதற்கடுத்த வரிசை. மாஸ்க்குக்குப் பின்னால் யார் வாய் மூடியிருக்கிறது, யார் வாய் திறந்திருக்கிறது என்று தெரியவில்லை. ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒரு கையும் நிற்கவில்லை. தோள்கள் மட்டும் ஒரே சீராக ஏறி இறங்கின. அந்தச் சத்தத்துக்கு அடியில் அவர்கள் பேசிக்கொண்டார்கள். தேதியாக இருக்கலாம், பெயராக இருக்கலாம். ஜெசிந்தா நினைத்திருந்தால் பிரித்துக் கேட்டிருப்பாள். அவள் கேட்கவில்லை.

புனிதாவுக்குப் பக்கத்து இயந்திரத்தில் விரலில் கட்டுப் போட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். காஞ்சனா.

திரையில் சிவப்பு வெளுத்தது. மூன்றாவது வரிசையின் மேல் சாம்பல் பட்டை படர்ந்தது. பிறகு கூடம் முழுவதும். மேலே பெரிய எழுத்தில் பச்சையாக வந்தது: 'இணக்கம்: மிக நன்று.'

"எல்லாம் அமைதியாத்தானே இருக்கு?" என்றார் சுபத்ரா. "அம்சவேணி போனதே போதும்போல."

நிரஞ்சனுக்குத் திருப்தியில்லை. "இவ்வளவு சாம்பல் ஏன் வருது? எதையோ விலக்கிட்டே இருக்கே. ஜெசிந்தா, என்ன சத்தம் அது?"

ஜெசிந்தா ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். கூர்ந்து கேட்கும்போது அவள் அப்படித்தான் செய்வாள், நிரஞ்சனுக்கும் அது தெரியும். இத்தனை வருடம் அந்தக் காதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

"பாய்லர் சார்" என்றாள். "சீட் உறைக்குச் சுருக்கம் எடுக்க நீராவி விடுவாங்கல்ல, அந்த பாய்லர்."

*

திங்கட்கிழமை காலை மணி அடித்தபோது இயந்திரங்களுக்கு முன்னால் யாரும் உட்காரவில்லை. எல்லோரும் அவரவர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றார்கள், பிறகு வரிசையாகக் கேட்டுக்கு வெளியே நடந்தார்கள். அப்போதும் திரை பச்சையாகத்தான் இருந்ததாம். மூன்றாம் நாள் ஊசித் தடுப்புகள் திரும்ப வந்தன. அம்சவேணியைத் திரும்ப எடுக்கும் பேச்சு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது. நிரஞ்சன் தன் இயந்திரத்தில் பழுது எங்கே என்று தேடிக்கொண்டிருக்கிறார். என்றைக்காவது கண்டுபிடிப்பார். அன்றைக்கு ஜெசிந்தாவுக்கு வேலை போகும். அது அவளுக்குத் தெரியும். பயமாகத்தான் இருந்தது, ஆனால் பழைய உறுத்தல் இல்லை.

காப்பகத்துக்குப் போகும் பிரதியில் பெண்களை ஒவ்வொரு நாடாவாகத் திரும்பக் கொண்டுவந்தாள். காதுக்குப் பாடமாக இருக்கும் பிரதியில் கை வைக்கவில்லை. எல்லாம் முடித்து அனுப்பிய அடுத்த நாள் டெரன்ஸ் அழைத்தார். அழுதிருந்தார், குரலே சொன்னது.

"அம்மா வந்துட்டாங்க" என்றார். கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு, "கடைசியில ஒரு பதிவு சேர்த்திருக்கீங்களே, அது எங்ககிட்ட இல்லாதது. ராகம் அதேதான், குரல்கள் வேற. அந்தக் கடகடப்பு எனக்குத் தெரியும், அது தையல் பிரிவு. எங்கே கிடைச்சுது? எந்த வருஷம்?"

"போன வியாழக்கிழமை சார்."

ஜெசிந்தா அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பட்டியல்ல சேர்க்கணுமே" என்றார் ஒருவழியாக. "பாடினவங்க பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"பேரெல்லாம் வேணாம் சார்" என்றாள் ஜெசிந்தா. "பாய்லர் சத்தம்னு எழுதிக்குங்க."